சிவப்பு பிரேக் லைட் எரிந்தால்: கொழும்பில் கார் வைத்திருப்பவருக்கு முழுமையான வழிகாட்டி

டாஷ்போர்டில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு லைட் எரியும். கராஜில் பொனற்றைத் திறந்து பார்ப்பார்கள், போத்தலை எடுத்துக் கொஞ்சம் பிரேக் ஒயில் விடுவார்கள், "ஒயில் குறைஞ்சிருந்தது அண்ணே, இப்ப சரி" என்பார்கள். லைட்டும் அணைந்துவிடும். கொழும்பில் இந்த லைட்டுக்கு அடிக்கடி நடக்கிற வைத்தியம் இதுதான். லைட் அணைந்தது உண்மை. பழுது போனதா என்றால், அது வேறு கதை.

எஞ்சின் ஒயில் ஓட ஓடக் கொஞ்சம் எரிந்து குறையும். பிரேக் ஒயில் மூடிய குழாய்களுக்குள் இருப்பது. எரிந்து போக வழியில்லை. அது குறைந்தால் ஒன்றில் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் எங்கோ கசிகிறது. எது என்று பார்க்காமல் ஒயிலை ஊற்றினால், நமக்குச் சொல்ல வந்த லைட்டின் வாயைப் பொத்தியதாகத்தான் முடியும்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தார்கள். அதனால் நம்மிடம் ஓடுகிற அல்டோ, வெகன் ஆர், அக்சியோ, அக்குவா பெரும்பாலும் வயது போனவை. வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் எடுக்கும் புகைப் பரிசோதனையில் பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கிற ஒரே ஆள் அந்த லைட்தான்.

ஓடும்போது எரிந்தால்

காலி வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போது எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸலரேட்டரில் இருந்து காலை எடுங்கள். பிரேக்கை மெதுவாக ஒருமுறை மிதித்துப் பாருங்கள். வழமையான உயரத்தில் பிடித்து, காலுக்குக் கீழ் இறுக்கமாக நின்றால் அவசரமில்லை. சிக்னல் போட்டு இடப்பக்கம் ஒதுங்கி, நிறுத்தக்கூடிய ஒழுங்கைக்குள் போய் நின்று பாருங்கள்.

பெடல் பஞ்சுபோல அமுங்கினாலோ தரைவரை போனாலோ கதை வேறு. விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள். பல நேரம் இரண்டாவது மூன்றாவது மிதியில் கொஞ்சம் பிடிக்கும். கியரைக் குறையுங்கள், ஒட்டோ என்றால் D-யில் இருந்து L, 2, B எது இருக்கிறதோ அதற்கு (P-க்கு அல்ல). ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள்; ஒரேயடியாக இழுத்தால் பின்சில்லு பூட்டி கார் சுழலும். கார் நிற்கும்வரை எஞ்சினை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் பிரேக் பூஸ்டரின் உதவியும் ஸ்டியரிங்கின் உதவியும் போய்விடும்.

பெடலை மிதிக்கும்போது ஒயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு தனித்தனி அறைகள் இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டிரண்டு சில்லுகளுக்கு. ஒரு பக்கம் முழுதாகக் கசிந்து போனாலும் மற்றப் பக்கம் வேலை செய்யும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். பாதி பிரேக்கோடு மெதுவாக வீட்டுக்குப் போய்விடலாம் என்று சிலர் நினைப்பது இதை நம்பித்தான். நான் போகமாட்டேன். மருதானைச் சந்தியில் ஒரு த்ரீவீல் குறுக்கே வெட்டினால் பாதி பிரேக் போதாது. கெரியர் லொறிக்குச் சொல்லுங்கள். ஹைபிரிட் என்றால் முன்சில்லு ரோட்டில் உருள இழுக்க விடாதீர்கள். லொறியின் தட்டில் முழுக் காரையும் ஏற்ற வேண்டும்.

எந்த லைட், எதோடு சேர்ந்து

சாவியை ஓன் பண்ணியதும் எல்லா லைட்டும் எரிந்து, ஹேண்ட் பிரேக் கீழே இருந்தால் சில விநாடியில் சிவப்பு அணைய வேண்டும். அந்த நேரத்தில் அது எரியவே இல்லையென்றால் பல்ப் போயிருக்கலாம், அல்லது யாரோ வேண்டுமென்றே துண்டித்திருக்கலாம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சிவப்பு மட்டும் எரிந்தால் ஹேண்ட் பிரேக் அல்லது ஒயில் மட்டம். வளைவில் திரும்பும்போதும் பிரேக் அடிக்கும்போதும் மட்டும் மினுங்கினால், அநேகமாக ஒயில் அடிக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பிரேக் ஒயில் டேங்க்குக்குள் அது ஒரு பக்கம் சாயும்போது மிதவை இறங்குகிறது. சிவப்பும் மஞ்சள் ஏபிஎஸ் லைட்டும் சேர்ந்தால் முன் பின் பிரேக்கைப் பங்கிடும் ஈபிடி வேலை செய்யவில்லை. சடுதியாக அடித்தால் பின்சில்லு பூட்டக்கூடும். ஏபிஎஸ் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும், பூட்டாமல் காப்பது இருக்காது. சிவப்போடு பெற்றரி லைட்டும் எரிந்தால் பிரேக்கில் தேடாமல், பெற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஒல்டர்னேட்டரைப் பாருங்கள். பல ஜப்பான் கார்களில் சார்ஜிங் போனாலும் இந்த இரண்டும் ஒன்றாக வரும். எஞ்சின் ஓடும்போது பெற்றரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 12 வோல்ட்டும் அதற்குக் கீழும் என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

ஹேண்ட் பிரேக்

சிரிக்க வேண்டாம், முதலில் இதைப் பாருங்கள். லீவரை முழுதாக இறக்கி, கையால் இன்னும் கொஞ்சம் கீழே அழுத்துங்கள். லைட் அணைந்தால், லீவரின் அடியில் இருக்கிற சின்னச் சுவிட்ச் இடம் மாறியிருக்கிறது அல்லது ஊத்தை பிடித்திருக்கிறது. நடுக் கொன்சோலின் மூடியைக் கழற்றினால் ஒரே வயரோடு தெரியும். துடைத்து, அதன் தகட்டைச் சிறிது சரிசெய்தால் முடிந்தது. பிரியஸில் இது இடக்காலால் மிதிக்கும் பெடலோடு இருக்கும். பெடல் முழுதாக மேலே வந்திருக்கிறதா பாருங்கள்.

லீவரை இழுக்கும்போது கேட்கும் கிளிக்குகளையும் எண்ணுங்கள். பல கார்களில் ஆறு முதல் ஒன்பதுக்குள் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பின்சில்லின் ட்ரம்முக்குள் உராயும் பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறது அல்லது கேபிள் தளர்ந்திருக்கிறது. பல கராஜ்களில் உடனே கேபிளை இறுக்குவார்கள். ட்ரம்மைத் திறந்து ஷூவைப் பார்த்த பிறகுதான் கேபிளில் கை வைக்க வேண்டும்.

ஒயில் மட்டம்

மட்டமான இடத்தில் காரை நிறுத்துங்கள். பொனற்றுக்குள், பெரும்பாலும் சாரதி பக்கத்தில், கண்ணாடிக்குக் கிட்ட வெள்ளை பிளாஸ்டிக் டேங்க் இருக்கும். வெளியில் மேல் கோடும் கீழ் கோடும் உண்டு. மூடியைத் திறக்காமலே டோர்ச் அடித்துப் பார்க்கலாம். திறக்க வேண்டியிருந்தால் முதலில் மூடியைச் சுற்றித் துடையுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் சீலைக் கீறும்.

புது ஒயில் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். கறுத்த தேநீர்போல இருந்தால் மாற்றிப் பல வருடம் ஆகியிருக்கிறது. பிரேக் ஒயில் காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும், கொழும்புக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டொட் 3 (DOT 3) தர ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்தத் தரம் கேட்பது 140 மட்டும்தான். டொட் 4 இல் இதே கணக்கு 230 உம் 155 உம். வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் ஓடும்வரை இந்த வித்தியாசம் தெரியாது. நுவரெலியாவில் இருந்து றம்பொடை வழியாக இறங்கும்போது தெரியும்: ஒயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும், குமிழியை அமுக்கலாம் என்பதால் பெடல் கீழே போகும், பிரேக் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

மட்டம் கீழ் கோட்டில் இருந்தால் இப்போதைக்கு ஊற்ற வேண்டாம்.

போன ஒயில் எங்கே

முதலில் பேட். அலோய் வீல் என்றால் இடைவெளியூடாகவே முன் பேட் தெரியும். இல்லையென்றால் சில்லைக் கழற்ற வேண்டும். புது பேட்டில் உராயும் பகுதி ஏறக்குறைய 10 மி.மீ இருக்கும். 3 மி.மீக்கு வந்தால் மாற்றுங்கள். உள்பக்கப் பேட்டையும் பாருங்கள். பேட்டை அமுக்கும் கலிப்பர் வழுக்கி நகர்கிற ஊசி (pin) இறுகினால் உள் பேட் முடிந்திருக்கும், வெளிப் பேட் நல்லாய் இருப்பதுபோல ஏமாற்றும். பேட் தேயத் தேயக் கலிப்பர் பிஸ்டன் வெளியே வரும். அது விட்ட இடத்தை நிரப்ப டேங்க்கில் இருந்து ஒயில் இறங்கும். நாலு சில்லும் காய்ந்திருந்து பேட் மட்டும் மெலிந்திருந்தால் கசிவு இல்லை. புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியதும் மட்டம் தானாகவே ஏறும். இடையில் யாரோ ஊற்றியிருந்தால் அப்போது டேங்க் நிரம்பி வழிந்து பெயின்ட்டைத் தின்றுவிடும். எங்கே சிந்தினாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பேட் நல்லாய் இருந்தால் கசிவுதான். காரை ஜக்கில் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே போக வேண்டாம். ஸ்டாண்ட் வைத்து, தரையில் இருக்கிற சில்லுகளுக்குக் கட்டை போடுங்கள். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் மட்டமான தரை கிடைப்பதே பெரிய பாடு என்று தெரியும். கிடைக்காவிட்டால் இந்த வேலையைக் கராஜில் செய்யுங்கள்.

இரவு காருக்கடியில் மட்டை விரித்துவிட்டுக் காலையில் பாருங்கள். ஏசி தண்ணீர் நிறமற்றது, காய்ந்தால் தடமே இருக்காது. அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். எஞ்சின் ஒயில் தடிப்பாகக் கறுத்திருக்கும். பிரேக் ஒயில் மெல்லியது, மஞ்சளோ கபிலமோ, விரலில் வழுக்கும், சில்லின் உள்பக்கத்துக்கு நேர்கீழே விழுந்திருக்கும்.

அக்சியோ, அல்டோ, வெகன் ஆர் போன்ற பின் ட்ரம் கார்களில் நான் முதலில் சந்தேகிப்பது பின் வீல் சிலிண்டரை. ட்ரம்மைக் கழற்றினால் மேலே பெருவிரல் அளவில் ஒரு சிலிண்டர், இரண்டு முனையிலும் ரப்பர் தொப்பி. தொப்பியின் ஓரத்தைச் சிறிய ஸ்குரூடிரைவரால் மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே கொஞ்சம் ஈரக்கசிவு இருக்கலாம். ஒயில் வழிந்தால் சிலிண்டர் போய்விட்டது. தூசும் ஒயிலும் குழைந்து ஷூவில் கறுப்புச் சேறாகப் படிந்திருக்கும். ஒயில் ஊறிய ஷூவை பெற்றோலால் கழுவி மறுபடி போடுவதை நானும் கண்டிருக்கிறேன். அது தேறாது. சிலிண்டரோடு ஷூவையும் மாற்றுங்கள், இரண்டு பின்சில்லிலும். அந்தத் தூசைக் காற்றடித்து ஊதவும் விடாதீர்கள். ஈரத் துணியால் துடைக்கலாம்.

அடுத்தது ரப்பர் ஹோஸ். வளைத்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும். பிறகு இரும்புக் குழாய்கள். மரைன் டிரைவ் பக்கம் கடற்காற்றில் வருடக்கணக்காக நிற்கிற கார்களில் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில்தான் துரு தொடங்கும். மேலோட்டமாகப் பார்த்தால் அகப்படாது. கடைசியாக மாஸ்டர் சிலிண்டர். அது பின்பக்கம் கசிந்தால் ஒயில் பூஸ்டருக்குள் போகும், தரையில் ஒரு சொட்டும் விழாது. நாலு சில்லும் காய்ந்திருந்தும் மட்டம் குறைந்துகொண்டே போனால், மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டைக் கழற்றிச் சிறிது முன்னே இழுத்து, பூஸ்டர் சேரும் இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள்.

மனுவல் கியர் காரா? சிலவற்றில் கிளட்ச்சுக்கும் இதே டேங்க்கில் இருந்துதான் ஒயில் போகும். கிளட்ச் சிலிண்டர் கசிந்தாலும் எரிவது பிரேக் லைட்தான்.

மட்டம் சரி, லைட் மட்டும் எரிகிறதா

சாதாரண கார்களில் ஹேண்ட் பிரேக் சுவிட்சும் ஒயில் டேங்க்கின் சென்சரும் ஒரே லைட்டைத்தான் எரிக்கும். ஒவ்வொன்றாகச் சொக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது அணைகிறதோ கோளாறு அதில். டேங்க்கின் சென்சர் என்றால் உள்ளே மிதவை ஊத்தையில் ஒட்டியிருக்கலாம். ஸ்குரூடிரைவர் பிடியால் டேங்க்கைத் தட்டினால் சில நேரம் விடுபடும். விடுபடாவிட்டால் டேங்க்கை மாற்ற வேண்டும். இரண்டையும் கழற்றியும் எரிந்தால் வயரைப் பாருங்கள், எலி கடித்திருக்கும். புதிய கார்களில் லைட்டைக் கம்ப்யூட்டர் எரிப்பதால் இந்தச் சோதனை எப்போதும் பொருந்தாது.

சிவப்போடு ஏபிஎஸ் லைட்டும் இருந்தால் ஸ்கேன் பண்ண வேண்டும். மலிவான புளூடூத் அடப்டர்கள் பெரும்பாலும் எஞ்சினின் பழுதுக் கோட் (code) எண்களை மட்டும் வாசிக்கும். ஏபிஎஸ் வாசிக்கும் ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். 2000களின் டொயோட்டா பலவற்றில் ஸ்கேனர் இல்லாமலும் வழி உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் சொக்கெட்டில் 4 ஆம், 13 ஆம் முனைகளை ஒரு வயரால் இணைத்துச் சாவியை ஓன் பண்ணினால் ஏபிஎஸ் லைட் அந்தக் கோட் எண்ணை மினுக்கிக் காட்டும். மூன்று மினுக்கல், இடைவெளி, ஒரு மினுக்கல் என்றால் 31: வலது முன் சில்லின் வேக சென்சர். 32 இடது முன், 33 வலது பின், 34 இடது பின். முனை எண்ணில் நிச்சயம் இல்லாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம். 16 ஆம் முனையில் எப்போதும் பெற்றரி மின்சாரம் இருக்கிறது.

வெள்ளத்துக்குள் ஓடிய பிறகு வரும் ஏபிஎஸ் லைட்டுக்கு முதலில் சென்சரின் சொக்கெட்டைத் திறந்து பாருங்கள். பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் கொன்டாக்ட் கிளீனரால் கழுவிக் காயவிட்டாலே பல நேரம் சரியாகும்.

அக்குவா, பிரியஸ்

இவற்றில் சிவப்போடு மஞ்சள் பிரேக் லைட் ஒன்றும் இருக்கும். மஞ்சள் எரிந்தால் மின்னணுப் பிரேக் அமைப்பில் கோளாறு. பிரேக் அழுத்தத்தை ஒரு பம்ப் உண்டாக்கி அக்குமுலேட்டரில் சேர்த்துவைக்கும். சாரதிக் கதவைத் திறந்ததும் "ஸ்ஸ்" என்று கேட்பது அந்தப் பம்ப்தான். அது வழமை. நின்ற இடத்தில், பிரேக்கைத் தொடாமலே சில விநாடிக்கு ஒருமுறை பம்ப் ஓடினால் உள்ளே கசிகிறது. ஸ்கேனரில் சி1391 வந்தால் அக்குமுலேட்டர் அழுத்தம் கசிகிறது என்று பொருள். பெரும்பாலும் பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அக்சுவேட்டரையே மாற்ற வேண்டிவரும், செலவும் பெரிது. கோட் எண்ணைக் கண்ணால் பார்க்காமல், கராஜில் வாயால் சொன்னதை மட்டும் கேட்டு ஒத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கார்களுக்கு நீங்களே பிளீட் பண்ண (குழாய்க்குள் போன காற்றை எடுக்க) வேண்டாம். ஸ்கேனரால் பம்ப்பை இயக்கித்தான் முழுதாகக் காற்று எடுக்க முடியும். பேட் மாற்றுவதற்கும், பம்ப் திடீரென்று ஓடிப் பிஸ்டனைத் தள்ளாதபடி அமைப்பை முடக்கிவிட்டே கலிப்பரில் கை வைக்க வேண்டும்.

சாமான் வாங்குதல்

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போகும்போது கழற்றிய சாமானையும் சேசி நம்பரையும் கொண்டுபோங்கள். "அக்சியோவுக்குத் தாங்கோ" என்று கேட்டால் வேறு மொடலுக்கு உரியதைத் தந்துவிடுவார்கள். திரும்பப் போய் மாற்றுவதற்குள் பொழுது போய்விடும். ஜப்பானில் இருந்து கழற்றி வந்த பழைய சாமானில் ஏபிஎஸ் சென்சர் வாங்கலாம், ஒயில் டேங்க் வாங்கலாம். ரப்பர் உள்ள எதையும் பழசாக வாங்க வேண்டாம்: ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதிது. பிரேக் ஒயிலைச் சீல் உடையாத சின்னப் போத்தலாக எடுங்கள். திறந்து வைத்த மீதி ஈரம் குடித்துவிடும். டேங்க் மூடியில் எழுதியிருக்கும் டொட் எண்ணைப் பாருங்கள். டொட் 5 சிலிக்கோன் வகை, மற்றதோடு சேராது. எஞ்சின் ஒயிலோ பவர் ஸ்டியரிங் ஒயிலோ தவறி ஊற்றப்பட்டால் சீல்கள் ஊதிப்போகும், ரப்பர் முழுவதையும் மாற்ற வேண்டும்.

பிளீட் பண்ணுதல்

குழாயையோ சிலிண்டரையோ கழற்றியிருந்தால் காற்று எடுக்காமல் காரை அசைக்க வேண்டாம். உள்ளே ஒருவர், கீழே ஒருவர் வேண்டும். வலப்பக்க ஸ்டியரிங் காரில் மாஸ்டர் சிலிண்டரில் இருந்து தூரமானது இடது பின்சில்லு. பெரும்பாலும் அங்கே தொடங்கி வலது பின், இடது முன், வலது முன் என்று வருவார்கள். உங்கள் காரின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுதான் சரி.

பிளீட் நட்டில் ரிங் ஸ்பேனரைப் போட்டு, தெளிவான ஒரு குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள். துருப்பிடித்த நட்டில் பலத்தைக் காட்டினால் உடையும். முதல்நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள்.

"மிதி தம்பி... பிடிச்சிரு." நட்டைக் கால் சுற்று திறங்கள், குமிழியோடு ஒயில் வரும், பெடல் இறங்கும். நட்டை மூடுங்கள். "இப்ப விடு." இந்த வரிசை மாறக்கூடாது: நட்டை மூடுவதற்கு முன் காலை எடுத்தால் எடுத்த காற்றெல்லாம் திரும்ப உள்ளே போகும். குமிழி நின்று தெளிந்த ஒயில் வரும்வரை தொடருங்கள். இடையிடையே டேங்க்கைப் பாருங்கள். அது வற்றினால் முதலில் இருந்து. பழைய காரில் பெடலுக்கடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். தரைவரை மிதித்தால், இதுவரை ஓடாத இடத்தில் உள்ள ஊத்தையில் மாஸ்டர் சிலிண்டரின் சீல் கிழியலாம்.

ஓட்டுவதற்கு முன்

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலைச் சில தரம் மிதித்து இறுக்கிக்கொண்டு, மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் சிறிது இறங்கினால் பூஸ்டர் சரி. பிறகு ஒரு நிமிடம் அதே பலத்தில் மிதித்தபடி இருங்கள். வெளியில் எங்கும் கசிவில்லாமல் பெடல் மட்டும் மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போயிருக்கிறது. லைட் எரியாமலே வரும் பழுது இது. பேட் மாற்றிய காரில் முதல் சில மிதி தரைவரை போகும். ஆகவே கேற்றைத் தாண்ட முன்னரே மிதித்துப் பிஸ்டனை இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஞாயிறு காலைபோல ஆள் குறைந்த நேரத்தில், நடை வேகத்தில் இரண்டு மூன்று தரம் பிடித்துப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் டேங்க்கின் வெளிப்பக்கம் ஒயில் நிற்கும் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதுங்கள். ஒரு கிழமை கழித்து அதே இடத்தில், எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். கோட்டில் நின்றால் அடுத்த ஒயில் மாற்றும் வரை கவலையில்லை. இறங்கியிருந்தால் போத்தலைத் தேடாமல் ஜக்கை எடுங்கள், பின்சில்லில் இருந்து தொடங்குங்கள்.